பூவுக்கு முன்பே வந்த வண்டு

கேள்வி: வண்ணத்துப்பூச்சிகள் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன என்றும், பூக்கள் தோன்றி ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்றும் படித்தேன். பூவே இல்லாத உலகில் அவை எதைக் குடித்து உயிர் வாழ்ந்தன? அல்லது இந்தக் கணக்குகளில் ஒன்று பிழையா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கணக்கில் பிழை இல்லை, பெயரில் மட்டும் ஒரு சிறு திருத்தம் வேண்டும். 20 கோடி ஆண்டுப் பழமை உடையவை வண்ணத்துப்பூச்சிகள் அல்ல, அவற்றின் மூத்த உறவினர்களான சிறிய அந்துப்பூச்சிகள். வடக்கு ஜெர்மனியில் ஆழ்துளையிட்டு எடுத்த, ட்ரையாசிக் காலம் முடிந்து ஜுராசிக் காலம் தொடங்கும் கட்டத்துப் பாறையை அமிலத்தில் கரைத்தபோது, ஏறத்தாழ 70 நுண்ணிய சிறகுச் செதில்கள் கிடைத்தன. அந்த ஆய்வு 2018இல் வெளியானது. (அச்செதில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதற்கு, ஊசிமுனையில் ஒட்டிய மூக்கு முடியே ஏற்ற கருவியாக இருந்ததாம்.) அவற்றுள் சில உள்ளே வெற்றிடம் கொண்டவை. இன்றைய அந்துப்பூச்சிகளில் தாடையால் மென்று தின்னும் பழைய வகைகளுக்குச் செதில் கெட்டியாக இருக்கும்; உறிஞ்சுகுழல் உடையவற்றுக்கே செதிலின் உள்ளே வெற்றிடம் இருக்கும். ஆகவே, பூவின் தேனுக்காக உருவானது என்று நாம் எண்ணியிருந்த உறிஞ்சுகுழல், பூவுக்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே உருவாகிவிட்டது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அவை குடித்தது எதை? பனையைப் போலத் தோன்றும் சைக்கஸ், ஊசியிலை மரங்கள் போன்ற, கனிக்குள் விதை மூடப்படாத தாவரங்களில், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிப்பதற்காக, பின்னர் விதையாகும் சூலின் நுனியில் சர்க்கரை கலந்த ஒரு நீர்த்துளி சுரக்கிறது. மெசோசோயிக் காலத்துப் (ட்ரையாசிக், ஜுராசிக், அவற்றை அடுத்து வந்த கிரிட்டேசியஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த காலம்) பூச்சிகளுக்கு அத்துளியே தேனாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வடகிழக்குச் சீனத்தின் ஜுராசிக், கிரிட்டேசியஸ் காலப் பாறைகள் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. அங்கும் யூரேசியாவின் பிற இடங்களிலும் கிடைத்த தேள்ஈக்கள் என்னும் பூச்சிகளில் 11 இனங்களுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் இருந்ததை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சீனப் பாறைகளில் கிடைக்கும் கல்லிகிராமா குடும்பத்துப் பூச்சிகள் இன்னும் வியப்பானவை: அகன்ற சிறகு, சிறகின் மேல் செதில், கண் போன்ற பெரிய வட்டப்புள்ளி, நீண்ட குழல் என எல்லாம் சேர்ந்து, பார்ப்பவர் வண்ணத்துப்பூச்சி என்றே சொல்லிவிடுவார். ஆனால் அவை கண்ணாடிச் சிறகுப் பூச்சிகளின் உறவினர்கள். வண்ணத்துப்பூச்சிகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே அதே உருவத்தைத் தனியாக அடைந்தவை. பூக்கும் தாவரங்கள் பெருகிய கிரிட்டேசியஸ் காலத்திலேயே அவை மறைந்தும் போயின.

குழல் இருந்தது என்பதாலேயே மகரந்தச் சேர்க்கை நடந்தது என்று சொல்லிவிட முடியாது. திருடிக் குடித்துவிட்டுப் போகும் பூச்சிகள் இன்றும் உண்டு. அந்த ஐயத்தைப் பெரிதும் குறைப்பவை அம்பர் எனப்படும் இறுகிய மரப்பிசினில் அகப்பட்ட பூச்சிகள்தாம். ஸ்பெயின் நாட்டின் ஆலாவா பகுதியில் கிடைத்த, 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அம்பரில் உள்ள இலைப்பேன்கள் என்னும் மிகச் சிறிய பூச்சிகளின் உடலில், விதை மூடப்படாத தாவரம் ஒன்றின் மகரந்தம் ஒட்டியிருக்கிறது. அதைத் தாங்கிச் செல்வதற்கென்றே அமைந்தவை போன்ற வளைய முடிகளும் அவற்றுக்கு உண்டு. மியான்மரின் கச்சின் மாநிலத்து அம்பர் 9.9 கோடி ஆண்டுப் பழமை உடையது. அதிலிருந்து 2019இல் விவரிக்கப்பட்ட ஒரு வண்டின் உடலில், பூக்கும் தாவரத்தின் மகரந்தத் துகள்கள் 62 எண்ணப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில் அதே அம்பரிலிருந்து விவரிக்கப்பட்ட வேறொரு வண்டின் அருகே இருந்ததோ சைக்கஸ் இனத்து மகரந்தம். பழைய விருந்தும் புதிய விருந்தும் ஒரே காட்டில் நடந்துகொண்டிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். பூக்கள் பூச்சிகளைப் புதிதாகப் பழக்கவில்லை, ஏற்கெனவே பழகியிருந்தவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மதனகாமப்பூ, நீங்கள் சொல்லும் அந்தப் பழைய தாவரங்களின் பூவா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாவரம் அந்தப் பழைய குலத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது பூ அன்று. சைக்கஸ் மரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் உச்சியில் வரும் மகரந்தக் கூம்பையே மதனகாமப்பூ என்கிறோம். பூவைப் போலத் தோன்றும் கூம்புகளை உடைய பென்னெட்டிட்டேல்ஸ் என்ற இன்னொரு குலமும் அக்காலத்தில் செழித்திருந்தது. அதன் இலைப் படிவங்கள் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளிலேயே கிடைக்கின்றன. அக்குலம் முற்றிலும் அழிந்துவிட்டது, சைக்கஸ் பிழைத்துக்கொண்டது. கச்சின் அம்பரில் சைக்கஸ் மகரந்தத்தோடு கிடைத்த வண்டின் நெருங்கிய உறவினர்கள், இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவில் சைக்கஸ் குலத்து மரங்களின் கூம்புகளைத் தேடிச் சென்றுகொண்டிருக்கின்றன.