முதுகு ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஆறு மாதமாக இடுப்பு வலி, வலது கால் வரை இறங்குகிறது. டாக்டர் எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? வேறு என்ன தயாரிப்பு?

ப: மயக்க மருந்தோ, படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தோ இல்லாத சாதாரண முதுகு எம்.ஆர்.ஐ என்றால் பட்டினி தேவையில்லை. வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொள்ளலாம். மயக்க மருந்தோ கான்ட்ராஸ்டோ உண்டு என்றால் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

உண்மையான தயாரிப்பு உங்கள் உடம்பில் இருக்கும் உலோகத்தைப் பற்றியது. எம்.ஆர்.ஐ இயந்திரம் ஒரு பெரிய காந்தம். அதை யாரும் அணைத்து வைப்பதில்லை, எந்நேரமும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, எலும்பில் போட்ட கம்பி, ஸ்குரூ எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சையின்போது தந்த அட்டை இருந்தால் அதையும். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கண்ணுக்குள் சிறு இரும்புத் துணுக்கு தங்கியிருக்கலாம், முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறம் மெல்லிய உலோகத் தாள் இருக்கும், அது சூடாகித் தோலைச் சுடும். வெள்ளி இழை கலந்த விளையாட்டு உடைகளும் அப்படித்தான்.

பெரும்பாலும் இருபது முதல் நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். முதுகு வலிக்காரருக்கு அதுதான் பெரிய சோதனை. அசைந்தால் படம் மங்கும், சில சமயம் மறுபடி எடுக்க வேண்டிவரும். முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைக்கச் சொல்லுங்கள், இடுப்பு தளரும். காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ கேட்டு வாங்குங்கள், இயந்திரம் பெரும் சத்தம் போடும். அப்புறம், வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, கால் மரக்கிறதா என்பதை டாக்டரின் சீட்டில் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

கே: பேஸ்மேக்கர் இருப்பதைச் சொன்னால் ஸ்கேன் எடுக்க மாட்டார்களோ என்று பயம். சொல்லாமல் இருந்துவிட்டால்?

ப: உயிர் போகலாம். சொல்லுங்கள். இப்போது வரும் பேஸ்மேக்கர்கள் பலவற்றை உரிய ஏற்பாடுகளோடு ஸ்கேன் செய்ய முடியும். உங்களுடையது எந்த வகை என்பது அட்டையில் இருக்கும்.

கே: காந்தப் பெல்ட் ஒன்று வாங்கிக் கட்டியிருக்கிறேன். வலியை உறிஞ்சிவிடும் என்றார் விற்றவர். அதோடேயே ஸ்கேனுக்குப் போகலாமா?

ப: கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த அறைக்குள் அது பாய்ந்து போய் ஒட்டும், குறுக்கே நிற்பவருக்கு அடிபடும். நானும் இப்படி ஒரு பெல்ட் வாங்கியிருக்கிறேன். "இதைக் கட்டினால் ஸ்கேனே தேவைப்படாது" என்று சொல்லித்தான் என்னிடம் விற்றார்கள். வலி அப்படியே இருந்தது, திருப்பிக் கொடுக்கப் போனபோது "பயன்படுத்திய பொருள்" என்று கையை விரித்தார்கள். நிலையான காந்தம் முதுகு வலியைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. உங்களிடம் பில் இருந்தால், விளம்பரத்தில் சொன்ன வாக்குறுதியைக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள்.

கே: 3 டெஸ்லா இயந்திரம் என்று கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். 1.5 டெஸ்லா போதாதா?

ப: டெஸ்லா என்பது காந்தப் பலத்தின் அளவு. டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கல், நரம்பு அழுத்தம் பார்க்க 1.5 போதும். முதுகில் ஏற்கெனவே ஸ்குரூ இருந்தால் 3 டெஸ்லாவில் உலோகத்தைச் சுற்றிப் படம் கூடுதலாகச் சிதையும், அப்போது 1.5 தான் நல்லது. டாக்டர் காரணம் சொல்லி 3 கேட்டிருந்தால் மட்டும் கொடுங்கள்.

கே: மூன்று மாதத்தில் மூன்று இடங்களில் எம்.ஆர்.ஐ எடுத்துவிட்டேன். டாக்டரிடம் போகவில்லை, தள்ளுபடி விளம்பரம் பார்த்து நானே போனேன். மூன்று ரிப்போர்ட்டும் மூன்று விதம். எது சரி?

ப: மூன்றுமே ஓரளவு சரியாக இருக்கலாம், ஒன்றும் உங்களுக்குப் பயன்படாமலும் போகலாம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கால் வரை இறங்கும் இடுப்பு வலி உள்ள 63 வயதுப் பெண்மணி ஒருவரை மூன்று வாரங்களுக்குள் பத்து வெவ்வேறு மையங்களில் எம்.ஆர்.ஐ எடுக்க வைத்தார்கள். பத்து ரிப்போர்ட்டுகளிலும் சேர்த்து 49 விதமான குறைகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இடம்பெற்ற குறை ஒன்றுகூட இல்லை. படிப்பவரின் கண், அனுபவம், அவர் கையில் இருக்கும் தகவல் எல்லாம் ரிப்போர்ட்டுக்குள் வந்துவிடும்.

இன்னொன்று. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. டிஸ்க் பிதுங்கல் 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது, 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு. இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது! அப்படியானால் உங்கள் ரிப்போர்ட்டில் "எல்4-எல்5 பிதுங்கல்" (இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையிலான டிஸ்க்) என்று இருப்பது வலிக்குக் காரணமா, நரைமுடி போல வயதோடு வந்ததா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. காலைத் தூக்கிப் பார்த்து, பாதத்தின் பலத்தைச் சோதித்து, எந்த இடத்தில் மரக்கிறது என்று தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் இரண்டையும் பொருத்த முடியும்.

இதனால்தான் நேரடியாக மக்களிடம் ஸ்கேன் விற்கும் தள்ளுபடித் திட்டங்கள் மீது எனக்கு இத்தனை கோபம். சந்தேகம் இல்லாதவரிடம் சோதனையை விற்கிறார்கள். வயதுக்கேற்ற மாற்றம் ஒன்று ரிப்போர்ட்டில் ஏறுகிறது, படித்தவர் குனியவே அஞ்சுகிறார், அடுத்து பெல்ட், மெத்தை, ஊசி என்று செலவு நீள்கிறது. ஆபத்து அறிகுறி இல்லாத இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் ஸ்கேன் வேண்டாம் என்று பல மருத்துவ அமைப்புகள் அறிவுறுத்துவது சிக்கனத்துக்காக இல்லை. அவசரமாக எடுத்த ஸ்கேனால் நோயாளிகள் மேலும் நன்றாகக் குணமானதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் வலி அதைத் தாண்டி நீடித்திருக்கிறது, சரி, ஸ்கேனுக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் மூன்று முறை பணம் கட்டியதற்கு நான் என்ன சொல்வது? நான்காவது எடுக்காதீர்கள். மூன்றின் படங்களையும், ரிப்போர்ட்டுகளை மட்டும் இல்லை, எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போங்கள்.

கே: மூடிய குழாய்க்குள் படுக்க பயம். திறந்த இயந்திரம் பரவாயில்லையா?

ப: திறந்த வகை இயந்திரங்கள் பலவற்றில் காந்தப் பலம் குறைவு, படத்தின் தெளிவும் குறையலாம். முதலில் அகலமான குழாய் உள்ள இயந்திரம் கிடைக்குமா என்று கேளுங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள். உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பதற்றம் தணிக்க மாத்திரை வாங்கினால் வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும்.

கே: அம்மாவுக்கு முதுகு ஸ்கேன். டாக்டர் சீட்டில் கான்ட்ராஸ்ட் எழுதவில்லை. படுக்க வைத்த பிறகு "மருந்து போட்டால்தான் தெளிவாகத் தெரியும்" என்று ஊசி போட்டு, பில்லில் பெரிய தொகை சேர்த்துவிட்டார்கள். கேட்டதற்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ப: உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். படுத்துக்கிடக்கும் ஒருவரிடம், கேள்வி கேட்க முடியாத நேரத்தில் கட்டணத்தைக் கூட்டுவதை என்னால் ஏற்க முடியாது. தொற்று, கட்டி, முன்பு அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் தழும்பா மறுபடி டிஸ்க்கா என்ற சந்தேகம், இவற்றுக்குத்தான் முதுகில் கான்ட்ராஸ்ட் முக்கியமாகத் தேவைப்படும். சாதாரண டிஸ்க் பிரச்சினைக்குத் தேவையில்லை. கான்ட்ராஸ்ட் ஊசியில் இருப்பது காடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டிய மருந்து. அம்மாவிடம் சிறுநீரகம் பற்றிக் கேட்டார்களா, ஒப்புதலில் கையெழுத்து வாங்கினார்களா என்று விசாரியுங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித் தொகை போட்ட பில்லை எழுத்தில் கேளுங்கள். ஊசிக்கு யார் உத்தரவிட்டார், என்ன காரணம் என்பதையும் எழுத்திலேயே. எழுதியனுப்பிய டாக்டரிடமும் சொல்லுங்கள். தான் கேட்காததைச் செய்தால் அவருக்கும் தெரிய வேண்டும். பதில் வராவிட்டால் நுகர்வோர் புகாருக்கு இந்தத் தாள்களே போதுமான தொடக்கம்.

கே: அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ முடியாதாம், மைலோகிராம் என்கிறார்கள். என்ன விசாரிக்க வேண்டும்?

ப: இடுப்பில் ஊசி குத்தித் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுப்பது மைலோகிராம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, மனநலம் அல்லது வலிப்பு மருந்து உண்டா என்று நாட்கள் முன்னதாகவே சொல்லுங்கள். எதை நிறுத்துவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்பு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அது முக்கியம். மீன் ஒத்துக்கொள்ளாது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முடிந்ததும் தலையை உயர்த்திப் படுக்க வைப்பார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அன்று அவர் வண்டி ஓட்டக்கூடாது. எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலி நீடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். கட்டணத்தில் சி.டி.யும் ஓய்வறையும் சேர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.

கே: அடுத்த வாரம் ஸ்கேன். இரண்டு நாளாகத் தொடை இடுக்கு மரத்திருக்கிறது, சிறுநீர் வரச் சிரமம். காத்திருக்கலாமா?

ப: இவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: காத்திருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

கே: ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட்டும் இரண்டு ஃபிலிமும் தந்தார்கள். இரண்டாவது டாக்டர் முழுப் படங்களையும் கேட்கிறார். மையம் மறுபடி பணம் கேட்கிறது.

ப: என் முதுகு ஸ்கேனிலும் இதே கதைதான், படங்களைத் தனி வியாபாரமாக ஆக்கிவைத்திருந்தார்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கியெடுத்த சில படங்கள். டாக்டருக்கு வேண்டியது டைகாம் கோப்புகள், அதாவது எல்லாப் படங்களும் கணினியில் திறக்கும் வடிவில், குறுந்தட்டிலோ இணைய இணைப்பாகவோ. உங்கள் டாக்டர் கேட்டதாகக் குறிப்பிட்டு எழுத்தில் கோருங்கள், கட்டணம் கேட்டால் அது எந்த விதிப்படி என்றும் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்வியோடு குறுந்தட்டு வந்துவிடும். இனிப் போகிறவர்கள் முன்பதிவின்போதே "கட்டணத்தில் டைகாம் பிரதி சேர்ந்ததா?" என்று கேட்டு, வாங்கியதும் அங்கேயே திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.