வார்டில் நேரமே இல்லாதபோது மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பினாங்கில் தாதியாக இருக்கிறீர்கள், பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள், நேரம் போதவில்லை, எப்படி நன்றாகச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் எழுதிய 'ஒரு நிமிட' கற்பித்தல் முறையில் தொடங்குங்கள். மாணவி வந்து, "அக்கா, ஏழாம் கட்டில் தாத்தாவுக்கு வேர்க்குது, கை நடுங்குது" என்கிறாள். குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டே, "நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். சர்க்கரை இறங்கியிருக்கும் என்பாள். "எதை வச்சுச் சொல்ற?" இன்சுலின் போட்ட பிறகு அவர் சாப்பிடவில்லை என்பாள். அவள் யோசிக்கும் விதம் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தாத்தாவைக் கவனித்த பிறகு ஒரே ஒரு பொது விதி சொல்லுங்கள்: இன்சுலினுக்கு முன் சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அவள் சரியாகச் செய்தது எது, விட்டது எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். திருத்துவதை மட்டும் நோயாளி முன்னால் செய்யாதீர்கள். நான் மாணவியாக இருந்தபோது அப்படி வாங்கிய திட்டு இன்றும் வலிக்கிறது, கற்ற பாடம் நினைவில் இல்லை.

ஊசி, கட்டு போன்ற கைவேலைக்கு அறுவை மருத்துவர் பெய்டன் சொன்ன நான்கு படிகள்: பேசாமல் செய்து காட்டுங்கள், விளக்கிக்கொண்டே செய்யுங்கள், மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள், கடைசியில் அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும். மூன்றாம் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். புரியாத இடம் வெளியே தெரிவது அங்கேதான்.

இன்னொன்று, மாணவர் மலாய் மொழியில் படித்ததை இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ள ஒரு பாட்டிக்குத் தமிழில் விளக்கச் சொல்லிப் பாருங்கள்.