பதினெட்டாம் வசனம்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

கடைசிக்காலம் பற்றிய மூன்று நாள் கூட்டத்துக்கு என் பத்து வயது மகளையும் அழைத்துச் சென்றேன். அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைக்க அவள் விடுவதில்லை. “இரகசிய வருகையில் நீங்கள் எல்லாரும் போய், நான் மட்டும் கைவிடப்பட்டால்?” என்று கேட்கிறாள். இன்றைய போர்கள் முடிவின் அடையாளங்கள்தாமா? 666 என்ற எண் எதைக் குறிக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் அந்த எண் ரோமப் பேரரசன் நீரோவைக் குறிக்கிறது என்பது அறிஞர் பலருடைய கருத்து. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது 616 என்றே இருக்கிறது. போர்களைக் கேள்விப்படும்போது கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்று மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருந்த 1844 அக்டோபர் 22ஆம் நாளும் எல்லா நாட்களையும் போலவே விடிந்து முடிந்தது. இவற்றுக்கு இதற்குமேல் இடம் தர எனக்கு விருப்பமில்லை.

பத்து வயதுக் குழந்தையை அந்தக் கூட்டத்தில் மூன்று நாள் உட்கார வைத்துவிட்டு, அவள் உறக்கம் கெட்டபின் எண்ணுக்குப் பொருள் கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் கேட்கவில்லை, அவள் கேட்டிருக்கிறாள்.

என் பாட்டியின் அடக்க ஆராதனையில், திறந்திருந்த குழியின் அருகே நின்று ஒரு பிரசங்கியார் அரை மணி நேரம் அக்கினிக்கடலைப் பற்றிப் பேசினார். பாட்டி முழுக்கு ஞானஸ்நானம் பெறாதவர் என்பதை அவர் இருமுறை நினைவூட்டினார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது நடுங்கியது. அன்றிரவு அம்மா 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை எடுத்து, பதின்மூன்றாம் வசனத்திலிருந்து உரக்க வாசித்தார்.

உங்கள் மகளை அச்சுறுத்தும் ‘எடுத்துக்கொள்ளப்படுதல்’, அதாவது விசுவாசிகள் கர்த்தரைச் சந்திக்க மேலே எடுக்கப்படுவது, அந்தப் பகுதியில்தான் வருகிறது. ஏறத்தாழ கி.பி. 50இல் பவுல் அதை எழுதியது யாரையும் மிரட்டுவதற்காக அன்று. தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். கர்த்தர் வரும்போது அவர்கள் விடுபட்டுப்போவார்களோ என்று உயிரோடிருந்தவர்கள் துக்கப்பட்டார்கள். மரித்தவர்களே முதலில் எழுந்திருப்பார்கள், நாம் அவர்களோடுகூடச் சேர்க்கப்படுவோம் என்று அவர் பதில் எழுதினார். பிரிவை அஞ்சியவர்களுக்குச் சொல்லப்பட்ட அந்த ஆறுதலைத்தான் இன்று குழந்தைக்கும் தாய்க்கும் நடுவே பிரிவாக நிறுத்துகிறார்கள். முடிவுக்குமுன் வரும் என்று சொல்லப்படும் கொடுந்துன்பக் காலமான உபத்திரவகாலத்துக்கு முன்னே சபை மட்டும் இரகசியமாக எடுக்கப்படும் என்ற ஒழுங்கை 1830கள் முதல் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் போன்றோர் பரப்பினார்கள். பவுலின் கடிதத்தில் ஆரவாரமும் எக்காளமும் இருக்கின்றன, இரகசியம் இல்லை.

நியாயத்தீர்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் அதை அறிக்கையிடுகிறவன்தான் நானும். ஆனால் மத்தேயு 25இல் அந்தச் சிங்காசனத்துக்கு முன்பாகக் கேட்கப்படுவது பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா என்பதே. நாள் கணக்கை அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

அம்மா பதினெட்டாம் வசனத்தோடு நிறுத்தினார்: “ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்.” அதன்பிறகுதான் அவர் அழுதார். இன்றிரவு அந்த ஆறு வசனங்களையும் உங்கள் மகளுக்கு அருகில் அமர்ந்து வாசியுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். அணைக்கச் சொல்லி அவளை வற்புறுத்தாதீர்கள்.