கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் டவர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஐ5-6500 பிராசஸர், 8 ஜிபி ரேம் ஒன்று, எஸ்எஸ்டி, 240 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). ஜிடிஏ 5 கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. கடையில் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டைக் காட்டி, "இதைப் போட்டால் எல்லா கேமும் பறக்கும், பவர் கனெக்டர் இல்லாவிட்டால் அடாப்டர் தருகிறோம்" என்கிறார்கள். வாங்கலாமா சார்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். கார்டு மோசம் என்பதால் இல்லை, அந்த அடாப்டருக்காகவே வேண்டாம்.

ஆர்எக்ஸ் 580 2017இல் வந்த கார்டு, அது மட்டுமே 185 வாட் கேட்கும். உங்கள் பிராசஸர் 65 வாட். இரண்டையும் கூட்டினாலே 250 ஆகிறது, உங்களிடம் இருப்பது மொத்தமே 240. சரி, எப்படியோ சமாளிக்கும் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கார்டுக்கு 8 பின் கனெக்டர் வேண்டும், அது 150 வாட் வரை கொடுப்பதற்காக உள்ளது. கடைக்காரர் தரும் அடாப்டர் பெரும்பாலும் ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் வயரிலிருந்து மின்சாரத்தை எடுக்கும். அந்த வயரின் 12 வோல்ட் பக்கம் 4.5 ஆம்பியருக்கு, அதாவது 54 வாட்டுக்குத்தான் செய்யப்பட்டது. அதில் போய் 150 வாட் இழுத்தால் முதலில் சூடேறும், அப்புறம் பிளாஸ்டிக் உருகும். ஒரு பையனின் கம்ப்யூட்டரில் இப்படி உருகி ஒட்டிக்கொண்ட கனெக்டரை நானே கழற்றியிருக்கிறேன். கூடவே அந்தப் பையனின் ஹார்டு டிஸ்கும் போயிருந்தது, அதில் அவன் ஃபைனல் இயர் பிராஜெக்ட் இருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். வழக்கமாகக் கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மதர்போர்டுக்குப் போவது 24 பின் கனெக்டர். ஆப்டிபிளெக்ஸ் மாடல்கள் பலவற்றில் மதர்போர்டில் அது இருக்காது, டெல் தனக்கென்று ஒரு கனெக்டர் வைத்திருக்கும். கன்வெர்ட்டர் வயர் கிடைக்கிறது, செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ், வயர், கார்டு என்று செலவு ஏறிக்கொண்டே போகும், அந்தப் பணத்தைக் கார்டிலேயே போடுவது மேல்.

வழி என்ன என்றால், தனி வயரே கேட்காமல், செருகும் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டாகப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். இந்த அளவுக்குள் நிற்கும் கார்டுகளில் இன்று நான் கை காட்டுவது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024இல் வந்தது, 70 வாட். கடையில் கேட்கும்போது "6 ஜிபி" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அதற்குத் தனி பவர் வயர் வேண்டும், உங்களுக்கு ஆகாது.

பணம் இடிக்கிறது என்றால் ஜிடிஎக்ஸ் 1650. அதுவும் 75 வாட்தான், 4 ஜிபி. ஆனால் சில கம்பெனிகள் அதிலும் 6 பின் கனெக்டர் வைத்து விற்றிருக்கின்றன, கார்டின் மேல் விளிம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவாக 53 வாட்தான் எடுக்கும், ஆனாலும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கார்டு மதர்போர்டோடு நான்கே லேன்களில், அதாவது தரவு போய்வரும் நான்கே பாதைகளில் பேசுகிறது. கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 4.0 தலைமுறையாக இருக்கும் புதிய போர்டில் அது பெரிய விஷயமில்லை, உங்களுடையது 3.0, வேகம் பாதியாகிவிடுவதால் கேம் நன்றாகவே அடிவாங்கும். போதாததற்கு விளையாடுவதை ரெக்கார்டு செய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாகக் கிடைத்தாலும் விடுங்கள். அந்த வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை அதன் தயாரிப்பாளரான என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. தவிர, பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்ற மோசடியும் உண்டு. செகண்ட் ஹேண்டில் எந்தக் கார்டு வாங்கினாலும் கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், போலி என்றால் பெரும்பாலும் அதுவே எழுதிக் காட்டிவிடும்.

இன்னொன்று. கார்டுக்கு முன்னால் ரேம். இன்னொரு 8 ஜிபி சேர்த்து இரண்டாகப் போடுங்கள், திக்கல் ஓரளவு அதிலேயே குறையும். உங்கள் பிராசஸர் தலைமுறையில் டிடிஆர்3எல் வகை ரேம் போடும் போர்டும் உண்டு, டிடிஆர்4 வகை போடும் போர்டும் உண்டு, இருப்பதைக் கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இவ்வளவும் செய்தபின் ஜிடிஏ 5 1080பியில் சுகமாக ஓடும். புதிதாக வருகிற பெரிய கேம்களில் மட்டும் கூட்டமான இடங்களில் தடுமாறும், அது நான்கு கோர் பிராசஸரின் எல்லை, அதற்காக இதைவிடப் பெரிய கார்டு வாங்கிப் பயனில்லை.

கேள்வி: மகனுக்காக ரைசன் 5 5600ஜி போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம், 8 ஜிபி ரேம். வேலோரண்ட் விளையாட ஜிடி 730, 4 ஜிபி "கேமிங் கார்டு" வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு அம்மா, ஈரோடு

பதில்: அந்தக் கார்டு வேண்டாம் அம்மா. ஜிடி 730 2014இல் வந்தது. 4 ஜிபி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது நினைவகத்தின் அளவு மட்டும்தான், வேகம் இல்லை, அதுவும் பழைய டிடிஆர்3 வகை. உங்கள் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைவிட நல்லது! அந்தக் கார்டைப் போட்டால் பணம் கொடுத்துப் பின்னால் போனது போல ஆகும்.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒரே ரேம் இருந்தால் ஒரே சேனல், இரண்டு போட்டால் இரண்டு சேனல், தரவு போய்வரும் பாதை இரட்டிப்பாகும். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கி, ஒன்று விட்டு ஒன்று ஸ்லாட்டில் போடச் சொல்லுங்கள் (போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் இரண்டிலும்). வேலோரண்டுக்கு அது தாராளமாகப் போதும். ஒரு வருடம் கழித்துப் பெரிய கேம்களுக்கு ஆசைப்பட்டால், அப்போது நல்ல கார்டாகவே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மகனிடம் இதைக் காட்டுங்கள், கேமைப் பற்றிப் படிக்கிற பையன் என்றால் அவனுக்கே புரியும்.

கேள்வி: புது கார்டு போட்டும் கேம் முன்னைப் போலவே மெதுவாக ஓடுகிறது. கார்டு ஃபேன் சுற்றுகிறது. கார்டு பழுதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன் கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டரின் எச்டிஎம்ஐ வயர் மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் அது மதர்போர்டின் துளை. கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளையில் மாற்றிச் செருகுங்கள். அப்படியும் மெதுவாக இருந்தால் டிரைவரைக் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு, என்ன கார்டு, எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.