அமெரிக்காவில் பாலியல் வன்கொடுமைத் தடயப் பெட்டிகள் ஏன் சோதிக்கப்படாமல் தேங்கின? மாநிலங்கள் இதை எப்படிச் சரிசெய்கின்றன?

முதலில் அந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் மருத்துவமனைக்கு வந்ததும், செவிலியர் சில மணி நேரம் செலவிட்டு உடலிலிருந்தும் உடைகளிலிருந்தும் மாதிரிகளைச் சேகரித்து, முத்திரையிட்டுப் போலீஸிடம் கொடுப்பார். அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வேதனை! அதைத் தாங்கிக்கொண்டு கொடுத்த சாட்சியம் அது.

2009-இல் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில், போலீஸ் கிடங்கு ஒன்றில் இப்படிப்பட்ட 11,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடந்தன. பணமும் ஆளும் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால், புகார் கொடுத்த பெண்ணையே விசாரணை அதிகாரிகள் நம்பாததும் ஒரு பெரிய காரணம். டெட்ராய்ட் அடங்கிய வெய்ன் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞர் கிம் வொர்த்தி விடாமல் போராடி அவற்றைச் சோதனைக்கு அனுப்ப வைத்தார். டிஎன்ஏ ஒப்பீட்டில், தொடர் குற்றவாளிகள் எனச் சந்தேகிக்கப்படும் நூற்றுக்கணக்கானோர் அடையாளம் காணப்பட்டார்கள். அதாவது, பெட்டி தூங்கிய காலத்தில் வேறு பெண்களும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

அப்புறம் 2014-இல் மிச்சிகன் சட்டம் கெடு விதித்தது: மருத்துவமனையிலிருந்து தகவல் வந்த 14 நாளுக்குள் போலீஸ் பெட்டியைப் பெற வேண்டும், அடுத்த 14 நாளுக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கெடு மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும். ஐடஹோ மாநிலம் 2016-இல் அதற்கும் சட்டம் இயற்றியது. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. பாதிக்கப்பட்டவர் யாரிடமும் போய்க் கெஞ்சாமல், தன் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், இந்தச் சீர்திருத்தங்களில் மிக முக்கியமானது இதுதான்.