மருத்துவமனை நிர்வாகம் படிக்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

மருத்துவமனை நிர்வாகம் படிக்க நினைப்பவர்களும் இப்போது படிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம்) முடித்தவள். தமிழ்நாட்டில் ஒரு பல்துறை மருத்துவமனையில் ஆபரேஷன்ஸ் பிரிவில், அதாவது அறுவை அல்ல, அன்றாட இயக்கத்தைக் கவனிக்கும் பிரிவில் வேலை. இன்டர்ன்ஷிப்புக்கு வரும் மாணவர்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அவர்களிடம் வருஷா வருஷம் ஒன்றைக் கவனிக்கிறேன். தலைமைப் பண்பு, ஊக்குவிப்புக் கோட்பாடு எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஒரு வார்டின் ஒரு மாதக் கணக்கைக் கையில் கொடுத்தால் தயங்குகிறார்கள். அதனால் புள்ளியியல், செலவுக் கணக்கு இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

விருத்தாசலத்திலிருந்து ஓர் அம்மா: மேடம், என் பையன் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். பயாலஜி கிடையாது. பி.பி.ஏ. ஹாஸ்பிட்டல் அட்மினிஸ்ட்ரேஷனில் சேர்க்கலாமா, இல்லை பி.காம். படிக்க வைக்கலாமா?

பயாலஜி இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அம்மா. வேலைக்குத் தேவையான அளவு உடற்கூறும் நோய்களின் பெயர்களும் படிப்பிலேயே வந்துவிடும். என் யோசனை, முதலில் பி.காம்., அப்புறம் எம்.எச்.ஏ. பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபது வயதில் மாறினாலும் பி.காம். வீண் போகாது. மாறாவிட்டால், கணக்குப் பதிவியல் தெரிந்த பிள்ளையாக எம்.எச்.ஏ. வகுப்பில் உட்காருவான், அது பெரிய பலம். ஐந்து வருஷம் படிக்க வைக்க வசதி இல்லை, மூன்று வருஷத்தில் சம்பாதித்தாக வேண்டும் என்றால் பி.பி.ஏ. சரி. ஆனால் மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரியாகப் பாருங்கள்.

சேர்ப்பதற்கு முன் பக்கத்து ஜி.எச்.சில் ஒரு காலை முழுக்க ஓ.பி. வாசலில் அவனை உட்காரச் சொல்லுங்கள். சீட்டு வாங்கும் வரிசை, ஸ்ட்ரெச்சர், அழுகை, வாக்குவாதம் எல்லாவற்றையும் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து 'அந்த வரிசையை ஏன் இப்படி நிற்க வைக்கிறார்கள்?' என்று கேட்டால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

பி.காம். இறுதியாண்டு மாணவி, திருவண்ணாமலை: அக்கா, எம்.எச்.ஏ.வுக்கும் எம்.பி.ஏ. ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? எதற்கு மதிப்பு அதிகம்?

பொதுவாக எம்.எச்.ஏ. முதல் பருவத்திலிருந்தே மருத்துவமனையைச் சுற்றித்தான் போகும்: மருத்துவமனைத் திட்டமிடல், மருத்துவப் பதிவேடுகள், துணைச் சேவைகள், தொற்றுநோயியல், தரச் சான்று. எம்.பி.ஏ.வில் முதல் வருஷம் எல்லா எம்.பி.ஏ.வையும் போல நிதி, சந்தை, மனிதவளம் என்று போய், இரண்டாம் வருஷத்தில் மருத்துவமனைத் தாள்கள் வரும். ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எம்.பி.ஏ. என்று பெயர் வைத்து எம்.எச்.ஏ. பாடம் நடத்தும் இடங்களும் உண்டு. பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்.

நான் முதலில் பார்ப்பது, வார்டிலும் துறைகளிலும் மாணவர்கள் எத்தனை வாரம் இருக்கிறார்கள் என்பதை. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு மாத இன்டர்ன்ஷிப் என்றால் அந்தக் கட்டணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். போரூர் ராமச்சந்திரா போல வகுப்பறையும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருந்தால், காலையில் படித்ததை மதியமே போய்ப் பார்க்க முடியும். வெளிமாநிலம் போக வீட்டில் சம்மதித்தால் மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் எம்.எச்.ஏ., ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ., 1984இல் தொடங்கிய ஜெய்ப்பூர் ஐ.ஐ.எச்.எம்.ஆர். (நலவாழ்வு மேலாண்மைக் கல்வி நிறுவனம்) மூன்றையும் பட்டியலில் வையுங்கள். நுழைவுத் தேர்வு முறை அடிக்கடி மாறுகிறது, அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.எச்.ஏ. முதலாண்டு மாணவர், கோவை: மேடம், புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் இரண்டிலும் அரியர் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போனால் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடுமே, இதெல்லாம் எதற்கு?

தம்பி, கம்ப்யூட்டர் எண்ணைத் தரும். அந்த எண் என்ன சொல்கிறது என்று நீங்கள்தான் படிக்க வேண்டும்.

100 படுக்கை உள்ள மருத்துவமனை என்று வையுங்கள். 30 நாள் மாதத்தில் மொத்தம் 3000 படுக்கை நாட்கள். அதில் 2400 நாட்கள் நோயாளிகள் இருந்தார்கள் என்றால் படுக்கை நிரப்பு விகிதம் 80 சதவீதம். அந்த மாதம் 600 பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்றால் ஒருவர் சராசரியாக 4 நாள் தங்கியிருக்கிறார். இதுவரை வெறும் வகுத்தல்தான். இனிமேல்தான் நிர்வாகியின் வேலை. அந்த 4 நாளில் நோய்க்காகத் தங்கியது எவ்வளவு, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் இன்சூரன்ஸ் அனுமதிக்கும் காத்திருந்தது எவ்வளவு? காத்திருப்பைக் குறைத்துச் சராசரியை 3.5 நாளாகக் கொண்டுவந்தால், அதே 2400 படுக்கை நாட்களில் சுமார் 685 பேருக்குச் சிகிச்சை தரலாம். ஒரு கட்டில்கூட வாங்காமல் மாதம் 85 பேருக்கு இடம் கிடைக்கிறது. இடமில்லை என்று வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்படும் குடும்பங்களைப் பார்த்திருந்தால் இந்த 85 எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

வரிசைக் கோட்பாடும் அப்படித்தான். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உங்கள் பாடத்தில் இருக்கும்: உள்ளே இருப்போர் எண்ணிக்கை = வரும் வேகம் × ஒருவர் உள்ளே இருக்கும் நேரம். ஓ.பி.க்கு மணிக்கு 40 பேர் வந்து, ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் இருந்தால், எப்போது எட்டிப் பார்த்தாலும் சராசரியாக 60 பேர் இருப்பார்கள். நாற்காலி 40 என்றால் 20 பேர் நிற்கிறார்கள். இன்னும் 20 நாற்காலி வாங்குவது ஒரு வழி. ஒன்றரை மணியை ஒரு மணியாகக் குறைத்தால் இருக்கிற 40 நாற்காலியே போதும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உங்கள் பாடத்தில் கட்டாயம் வரும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே அறுவை அரங்கில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். சர்ஜனின் நேரம் வீணாவதில்லை. பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கிறது. தர்ம சிந்தனையோடு ஆபரேஷன்ஸ் கணக்கும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. அவர்களே 1992இல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, கண் மருத்துவமனை நிர்வாகத்தை வெளியாருக்கும் சொல்லித் தருகிறார்கள். அரியரை இந்தப் பருவத்திலேயே முடித்துவிடுங்கள்.

அதே மாணவர்: அப்படியென்றால் செலவுக் கணக்கும் முக்கியமா?

அதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஒரு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால் பல இடங்களில் பில் தொகையைச் சொல்வார்கள். பில் என்பது நாம் வாங்குவது. செலவு வேறு. லாண்டரிச் செலவைத் துணியின் எடையை வைத்தும், ஹவுஸ்கீப்பிங்கைச் சதுர அடியை வைத்தும், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவின் செலவைக் கிருமிநீக்கம் செய்த செட்டுகளின் எண்ணிக்கையை வைத்தும் ஒவ்வொரு துறைக்கும் பிரித்துப் போட்டால்தான் உண்மையான செலவு தெரியும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. தன் செலவு தெரியாத மருத்துவமனை, 'இந்தத் தொகை கட்டாது' என்று குத்துமதிப்பாகச் சொல்லி ஏழை நோயாளியைத் தட்டிக்கழிக்கும். கணக்கு தெரிந்த நிர்வாகி எங்கே வீணாகிறது என்று பார்த்து, அதே தொகைக்குள் சிகிச்சை தர வழி கண்டுபிடிப்பார். எல்லாச் சிகிச்சையிலும் முடியாதுதான். முடியாத இடத்திலும் ஆதாரத்தோடு பேச அந்தக் கணக்கு வேண்டும்.

ஸ்டோர்ஸ் பாடத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பொருட்களை அவற்றுக்கு ஆகும் பணத்தை வைத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கும் ஏ.பி.சி. முறைப்படி ஏறக்குறைய 10 சதவீதப் பொருட்களே 70 சதவீதப் பணத்தை விழுங்கும், அவற்றின் மேல் கண் வைக்கச் சொல்வார்கள். ஆனால் அட்ரினலின் ஊசி விலையில் கடைசி வகுப்பு, அவசியத்தில் முதல் வகுப்பு. அது தீர்ந்துபோனால் உயிர் போகும். அதற்காகத்தான் பொருட்களை அவசியத்தை வைத்துப் பிரிக்கும் வி.இ.டி. முறையையும் சேர்த்துப் பார்க்கிறோம். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் மருந்து ஒதுக்கீட்டைக் குறிக்கும் ஒரு பாஸ்புக் என்ற அந்த ஏற்பாட்டை ஒரு செமினாருக்கு எடுத்துப் படியுங்கள்.

எம்.பி.ஏ. மாணவி, நாகர்கோவில்: சட்டத் தாளில் எதையெல்லாம் உண்மையாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும் மேடம்? லிஸ்ட் பெரிதாக இருக்கிறது.

தினமும் கைக்கு வருவதை முதலில் படியுங்கள். 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எதில் என்ன போட வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் ஏன் வைத்திருக்கக் கூடாது என்பது தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். வெள்ளையில் போக வேண்டிய ஊசியும் மஞ்சளில் போக வேண்டிய கழிவும் தப்பான பையில் போனால் ஊசி குத்துப்படுவதும் தொற்று வாங்குவதும் துப்புரவுப் பணியாளர்தான். அடுத்து மருத்துவப் பதிவேடு. 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இதை இழுத்தடிப்பதால் வளரும் சண்டைகள் நிறைய.

இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். கட்டணம் வாங்கித் தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது அதில்தான். ஸ்கேன் அறை இருந்தால் 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். அதில் படிவத்தை அரைகுறையாக நிரப்புவதே குற்றமாகும். மற்றவை தேவைப்படும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டாஃப் நர்ஸ், தஞ்சாவூர்: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். நிர்வாகத்துக்கு மாறினால் என் அனுபவம் வீணாகுமா?

வீணாகாது சிஸ்டர். தரப் பிரிவுக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தரநிலைகள், ஐந்தாம் பதிப்பிலேயே 10 அத்தியாயம், 100 தரநிலை, 651 அளவுகோல். 2025இல் ஆறாம் பதிப்பும் வந்துவிட்டது. இந்தத் தரநிலைகளில் நிறைய வருவது மருந்து கொடுப்பது, நோயாளியைக் கைமாற்றி ஒப்படைப்பது, தொற்றுத் தடுப்பு. எம்.எச்.ஏ. மட்டும் படித்தவர் இதைப் புத்தகத்தில் படிக்கிறார், நீங்கள் தினமும் செய்கிறீர்கள். உங்களுக்குக் குறைவாக இருக்கக்கூடியது எக்செல்லும் பட்ஜெட்டும்தான். அதை இப்போதே தொடங்குங்கள், முடிந்தால் உங்கள் மருத்துவமனையின் தரக் குழுவில் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள்.

பல் மருத்துவர், சேலம்: எய்ம்ஸில் மருத்துவமனை நிர்வாகம் படிக்க முடியுமா?

டெல்லி எய்ம்ஸில் இருக்கும் எம்.டி. மருத்துவமனை நிர்வாகம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானது. உங்களுக்கு எம்.எச்.ஏ. அல்லது எம்.பி.ஏ. வழி திறந்தே இருக்கிறது.

தமிழ் வழியில் படித்த மாணவர், ராமநாதபுரம்: அக்கா, மெடிக்கல் டெர்மினாலஜி தாளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ஒவ்வொரு சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்தால் பயமாகத்தான் இருக்கும். சொல்லை உடைத்துப் படியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் அறுத்து எடுப்பது, 'ஸ்கோப்பி' என்றால் கருவியால் உள்ளே பார்ப்பது. முன்னால் 'கேஸ்ட்ரோ' வந்தால் வயிறு, 'நெஃப்ரோ' வந்தால் சிறுநீரகம். இப்படி நூறு துண்டுகள் தெரிந்தால் ஆயிரம் சொற்கள் புரியும். தமிழ் வழிப் படிப்பை நான் குறையாகவே பார்க்கவில்லை. கிராமத்திலிருந்து வந்த நோயாளியின் அண்ணனிடம் பில்லை வரி வரியாக விளக்கி அவரைச் சமாதானமாக அனுப்புவது பெரிய திறமை, அது உங்களிடம் இருக்கும். ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் ஒரு பக்க அறிக்கையும் எழுதும் அளவுக்குப் பழகிவிடுங்கள், போதும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: மெடிக்கல் கோடிங்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. கோடிங் என்பது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்காகக் குறியீடுகளாக மாற்றுவது. சென்னையிலும் திருச்சியிலும் நடக்கும் கோடிங் வேலை பெரும்பாலும் அமெரிக்க இன்சூரன்ஸ் பில்லுக்கானது. அதற்கு சி.பி.சி. போன்ற தனிச் சான்றிதழ் இருக்கிறது. நல்ல வேலைதான், ஆனால் அது மருத்துவமனையை நடத்தும் பாதை அல்ல.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர், ஓசூர்: தொலைநிலையில் படிக்கலாமா?

ஏற்கெனவே மருத்துவமனையில் வேலை செய்கிறீர்கள் என்றால் பலன் உண்டு. வெளியிலிருந்து புதிதாக வருபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், வார்டைப் பார்க்காமல் பட்டம் மட்டும் கைக்கு வரும். எதுவானாலும், அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எம்.எச்.ஏ. மாணவர், வேலூர்: அரசு வேலை கிடைக்குமா?

அரசு மருத்துவமனைகளில் டீன், கண்காணிப்பாளர் எல்லாம் மருத்துவர்கள்தான். நம் படிப்புக்கு வருவது பெரும்பாலும் தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக, தர மேலாளர் போன்ற ஒப்பந்தப் பணிகள். நிரந்தரம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் அரசு மருத்துவமனையில் இரண்டு வருஷம் தரப் பணி செய்தவருக்குக் கிடைக்கும் அனுபவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவ்வளவு கூட்டத்தை அவ்வளவு குறைந்த ஆட்களோடு சமாளிப்பதை வேறெங்கும் கற்க முடியாது.

இறுதியாண்டு மாணவி, மதுரை: பிராஜெக்ட்டுக்கு 'நோயாளிகளின் திருப்தி' எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரியா மேடம்?

வேண்டாம் என்பேன். ஐம்பது பேரிடம் படிவம் நிரப்பி வாங்கி வட்ட வரைபடம் போட்டால் தேர்வாளருக்கும் பயனில்லை, மருத்துவமனைக்கும் பயனில்லை. டிஸ்சார்ஜ் தாமதத்தை எடுங்கள். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ரொக்கமில்லாச் சிகிச்சை கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்தால் மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. மூன்று மணியைத் தாண்டி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்க வேண்டும். ஆனால் டாக்டர் 'போகலாம்' என்று சொன்னதிலிருந்து அந்தக் கோரிக்கை டி.பி.ஏ.வுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம்) போவதற்குள் மருத்துவமனைக்குள்ளேயே எவ்வளவு நேரம் போகிறது? டாக்டர் சொன்ன நேரம், டிஸ்சார்ஜ் சம்மரி தயாரான நேரம், ஃபார்மசி ரிட்டர்ன் (மீந்த மருந்தைத் திருப்பிக் கொடுப்பது) முடிந்த நேரம், பில் மூடிய நேரம், டி.பி.ஏ.வுக்கு அனுப்பிய நேரம், பதில் வந்த நேரம், நோயாளி வாசலைத் தாண்டிய நேரம் என்று கட்டம் போட்டு, நீங்களே நின்று குறியுங்கள். சிஸ்டத்தில் பதிவான நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், சில இடங்களில் எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகப் பதிவு செய்வார்கள். இன்சூரன்ஸ் நோயாளிகளையும் நேரடியாகப் பணம் கட்டுபவர்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள். சராசரியோடு இடைநிலை அளவையும் (மீடியன், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) போடுங்கள், ஏனென்றால் பத்து மணி நேரம் காத்த ஒரே ஒருவர் சராசரியை இழுத்துவிடுவார். தொடங்குவதற்கு முன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடமும் மருத்துவமனையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நோயாளியின் பெயரை எங்கும் எழுதாதீர்கள், வரிசை எண் போதும்.