‘தவிர’ என்று ஒரு வார்த்தை

அன்புள்ள அண்ணன்,
அம்மா போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல்தான் இயேசுவை ஏற்றுக்கொண்டு இரட்சிக்கப்பட்டார்கள். மீன் விற்றுப் பிழைத்தவர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தினமும் சோறு கொடுத்ததைத் தவிர ஊழியம் என்று எதுவும் செய்ததில்லை. சபைக்கு ஒரு ஃபேன்கூட வாங்கிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. கனி, அதாவது நற்கிரியை, இல்லாதவர்களுக்குப் பரலோகமே சந்தேகம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பரலோகத்தில் பலனாகக் கிரீடம் உண்டா? அங்கேயும் மேல், கீழ் இருக்கிறதா?
ஒரு வாசகர், காசிமேடு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. இந்த வாரம் முழுக்க நானும் பைபிளில் பவுல் எழுதின 1 கொரிந்தியர் 3-ஐத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

இரட்சிப்பு வேறு, பலன் வேறு. இரட்சிப்பு தேவனுடைய ஈவு, கிரியைகளால் வருவதில்லை என்று எபேசியர் 2 தெளிவாகச் சொல்கிறது. பலன், இரட்சிக்கப்பட்டவர் அப்புறம் வாழ்ந்த வாழ்க்கைக்கு. இரண்டையும் குழப்பி, தாயைப் பறிகொடுத்த பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்தவர் மேல் எனக்குக் கோபம். கேட்டுக்கொண்டு பேசாமல் வந்த உங்கள் மேலும்தான். மேல், கீழ், எத்தனை கிரீடம் என்ற கணக்கை விடுங்கள். வெளிப்படுத்தல் 4-ல் 24 மூப்பர்களும் தங்கள் கிரீடங்களைத் தேவனுடைய சிங்காசனத்துக்கு முன் வைத்துவிடுகிறார்கள்.

அஸ்திபாரம் கிறிஸ்து என்கிறார் பவுல். அதன்மேல் பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல்லாலும் கட்டலாம், மரம், புல், வைக்கோலாலும் கட்டலாம், அக்கினி சோதிக்கும். கட்டினது வெந்துபோனால் அவனுக்கு நஷ்டம், ஆனாலும் அவன் இரட்சிக்கப்படுவான், தீயில் அகப்பட்டுத் தப்பினவனைப் போல. (கத்தோலிக்க நண்பர்கள் இதை உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு, அதாவது பரலோகம் போகுமுன் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலைக்கு, சாட்சியாகக் காட்டுவார்கள். அந்த வாதம் இன்னொரு நாளைக்கு.) வியாசர்பாடியில் சின்ன வயதில் பார்த்த ஒரு குடிசைத் தீதான் எனக்கு இதை விளங்கவைத்தது. மத்தியான நேரம், நல்ல காற்று, வரிசை முழுக்கக் கீற்றுக் கூரை. எதிர்வீட்டு அத்தை கட்டின புடவையோடு ஓடிவந்து தெருவில் நின்றார். உயிர் இருந்தது, கையில் ஒன்றுமில்லை. மறுநாள் சாம்பலைக் கிளறினால் அம்மி மட்டும் கறுத்துப்போய் அப்படியே கிடந்தது. அதைக் கழுவி, யாரோ கொடுத்த மிளகாயை அரைத்து, அந்த வரிசைக்கே குழம்பு வைத்தார் அத்தை.

நம் சபைகளில் ஃபேன் இறக்கையில் ‘இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு’ என்று சிவப்பு பெயின்டில் எழுதிவைக்கிறோம். கொடுப்பது நல்லதுதான், பெயர் எழுதுகிறோமே, அந்த ஆசைதான் வைக்கோல். மனுஷர் பார்க்கவேண்டும் என்று கொடுக்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று மத்தேயு 6-ல் இயேசு சொல்கிறார். தீர்ந்தது, தம்பி. மேலே போய் வாங்குவதற்கு மீதி ஏதும் இல்லை. ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவனும் தன் பலனை இழக்கமாட்டான் என்று சொன்னவரும் அவர்தான். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்த நமக்கு அந்தக் கலசத்தின் விலையை யாராவது சொல்லித்தர வேண்டுமா?

வாங்காத ஃபேனுக்கு இவ்வளவு நொந்துபோகிறீர்கள், அம்மா தினமும் போட்ட சோற்றை ‘தவிர’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டீர்கள். கடிதத்தில் எனக்கு வலித்த இடம் அதுதான்.

அந்தப் பாட்டி இப்போது யார் வீட்டில் சாப்பிடுகிறார்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.